பனிக்காலமும் சுக்குக் கஷாயமும்

மார்கழி பிறந்தாலே புதுக்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, திப்பிலி கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். சீன மருத்துவத்திலும் இவை இரண்டும் உள்குளிரை விரட்டுகிற மருந்துகள்தான்.

ஆனால் சீனர்களின் பழைய மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங், குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, வெயில் வந்தபிறகே எழச் சொல்கிறது. நாமோ விடியுமுன் எழுந்து வாசலில் கோலம் போடுகிறவர்கள். வடசீனத்தில் தண்ணீர் உறையும் குளிர். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப்போன ஈரமும் பனியும்தான். அதனால் அந்த அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. இருந்தாலும் வயதானவர்கள், வீசிங் உள்ளவர்கள் விஷயத்தில் சீனர்கள் பக்கம்தான் நான். பனி விலகட்டும், பிறகு வெளியே வரலாம்.

எங்கள் அம்மா, சுக்கின் மேல்தோலைச் சுரண்டாமல் இடிக்க விடமாட்டார். சித்த மருத்துவமும் அதையே சொல்கிறது. இடித்த சுக்கோடு மல்லி விதை, நாலைந்து மிளகு தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் கருப்பட்டி சேர்ப்பார். குடித்தால் நெஞ்சுவரை இதமாக இறங்கும்.

ஒன்றே ஒன்று. மூச்சுத் திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் கஷாயத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். இது டெங்கு காலமும்கூட. உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.