பெருக்காத அறைக்கு இனாம்

ஹொனலூலூ நகரத்திற்குப் போகும் நம்மவர்கள் வைகீகீக் கடற்கரையை அடைந்ததும், முதல் காரியமாக மோவானா ஹோட்டலின் பின்முற்றத்திற்குச் செல்ல வேண்டும் என்று சிபாரிசு செய்கிறோம். பசிபிக் மகா சமுத்திரத்தின் நட்ட நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் 2,000 மைலுக்குக் குறையாத தூரத்தில், நமது தேசத்து ஆலமரம் ஒன்று அங்கே விழுதூன்றி நிற்கிறது. 1904-ம் ஆண்டில் அதை நட்டபோது ஏழடி உயரந்தான் இருந்ததாம். இப்போது 75 அடி உயரம். கிளைகள் பரவியிருக்கும் அகலம் 150 அடி. 1935 முதல் நாற்பது வருஷ காலம் ஹவாய்த் தீவுகளின் சங்கீதத்தை உலகத்துக்கு எடுத்துச் சென்ற வானொலி நிகழ்ச்சி தொடங்கியதும் இந்த மரத்தடியில்தான். அந்நாட்டார் இதைப் "பனியன் மரம்" என்கிறார்கள். நாம் சட்டைக்குள் அணிகிற பனியனுக்கும் இம்மரத்துக்கும் பெயர் வந்தது ஒரே இடத்திலிருந்து. இரண்டும் குஜராத்தி வணிகர்களான பனியாக்களின் பெயரைத் தாங்கியவை. பக்கத்து நாற்காலியில் காப்பி அருந்திக் கொண்டிருந்த ஓர் அமெரிக்கத் தம்பதிக்கு இதை நாம் எடுத்துச் சொன்னோம். அவர்கள் மிக்க மரியாதையுடன் தலையை ஆட்டிவிட்டுக் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வைகீகீ என்ற சொல்லுக்குப் பீறிட்டெழும் நன்னீர் என்று பொருள். இன்று அங்கே பார்க்கிறவர்களுக்கு இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றும். கடலோரம் முழுவதும் வானளாவிய ஹோட்டல்கள் சுவர் எழுப்பினாற்போல் நிற்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன்போ இது மலை ஓடைகள் வந்து பாயும் சதுப்பு நிலம். நம் வீட்டுச் சேப்பங்கிழங்கின் இனத்தை அத்தீவினர் இங்கே பயிரிட்டார்கள். பிற்பாடு சீனர்கள் வந்து நெல் விளைவித்தார்கள், வாத்து வளர்த்தார்கள். 1893-ல் அத்தீவின் ராணி லிலியுவோகலானி அரியணையிலிருந்து இறக்கப்பட்டாள். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. 1901-ல் 75 அறைகளுடன் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. அறை வாடகை நாளொன்றுக்கு ஒன்றரை டாலர். 1920-களில் ஆலா வாய் என்னும் கால்வாயை வெட்டிச் சதுப்பு நிலத்தை வற்றச் செய்தார்கள். அதோடு வயலும் போயிற்று, வாத்தும் போயிற்று. 1927-ல் ராயல் ஹவாயன் என்ற ரோஜா நிற மாளிகை எழுந்தது. ராணியின் கதை தனியே எழுதத்தக்கது. இங்கே இவ்வளவு போதும்.

அந்நாளில் தீவுகளை ஆண்டது கரும்பு. தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து வந்தார்கள். சீனரும் ஜப்பானியரும் வந்த பிறகு, 1906 முதல் பிலிப்பைன்ஸ் தீவினர் வந்தார்கள். கடைசிக் கரும்புத் தோட்டம் 2016-ம் ஆண்டு மாவி தீவில் மூடப்பட்டது. இப்போது ஹவாயின் அறுவடை யாத்திரிகர்கள்தாம். வைகீகீ விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களில் பிலிப்பைன்ஸ் தேசத்து ஸ்திரீகள் மிகப் பலர்.

ஹோட்டல் என்றதும் நம் நாட்டில் இட்டிலியின் ஞாபகம் வரும். தங்குவதற்கு லாட்ஜைத் தேடுவோம். மேல்நாட்டில் ஹோட்டல் என்றால் தங்குமிடம். அங்கே 2020 வரை பொதுவாக அறை வாடகையில் தினசரிப் பெருக்கல், துடைத்தல், விரிப்பு மாற்றுதல் எல்லாம் அடக்கமாக இருந்தன. சத்திரத்தில் துடைப்பத்தை நாமே தேடி எடுத்துப் பெருக்கிப் படுத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

2017-ம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாம் குடும்ப சகிதமாக அங்கே சென்று ஐந்து இரவுகள் தங்கினோம். விடுதியின் பெயர் வேண்டாம். அறைக்குள் நுழைந்ததும் தலையணைமீது பச்சை நிற அட்டை ஒன்று இருந்தது. அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று நாம் விரும்பினால் இரவில் அதைக் கதவின் வெளியே மாட்டிவிடலாம். மாட்டினால் பூமியின் நீரும் மின்சாரமும் மிச்சமாகும். அதற்கு நன்றியாக ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து டாலர் மதிப்புள்ள ஒரு சீட்டு நமக்குக் கிடைக்கும். விடுதியின் சிற்றுண்டிச் சாலையில் அதைக் கொடுத்துச் சாப்பிடலாம். சீட்டு வேண்டாதவர்கள் புள்ளிகளாகப் பெற்றுச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். புறப்படும் நாளுக்கு மட்டும் இனாம் கிடையாது.

நம் இல்லத்தரசி கணக்கில் கெட்டிக்காரி. நான்கு நாளைக்கு இருபது டாலர். அப்போதைய விலையில் சுமார் 1,300 ரூபாய். "நம் வீட்டில் இருபது வருஷமாகப் பெருக்குகிறேன், எனக்கு யாரும் ஒரு சீட்டுக் கொடுத்ததில்லை. இங்கே பெருக்காமல் இருப்பதற்குக் கொடுக்கிறார்களே!" என்றாள். இதற்கு நாம் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம்.

எனினும், அட்டையை மாட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அவள் தாழ்வாரத்துக்குச் சென்றாள். அங்கே ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள், துவாலைகளும் விரிப்புகளும் குவிந்த வண்டியைத் தள்ளிக் கொண்டு வந்தாள். பெட்டி தூக்கும் இளைஞன் அவளை "ஆன்ட்டி" என்று அழைத்தான். ஹவாயில் மூத்த பெண்கள் எல்லோருக்கும் அந்த உறவுமுறைதான். அந்த விஷயத்தில் நம் ஊருக்கும் அத்தீவுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. ஆகையால் நம் இல்லத்தரசியும், "ஆன்ட்டி, இந்த அட்டையை மாட்டினால் உங்களுக்கு வேலை குறையும் அல்லவா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் இருபுறமும் பார்த்துக்கொண்டாள். பிறகு, "வேலை குறையாது, மேடம், வேலை நாள்தான் குறையும்" என்றாள்.

இதன் விவரத்தை அவள் சொன்ன அளவிலும், பின்னர் நாம் படித்தறிந்த அளவிலும் கூறுகிறோம். அமெரிக்காவில் ஓர் அறைப் பணிப்பெண் எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய அறைகள் இத்தனை என்று ஒரு தொகை உண்டு. இடத்துக்கு இடம் அது மாறும். பதினான்கு, பதினைந்து அறைகள் என்பது சாதாரணம். தினந்தோறும் பெருக்கப்படும் அறையென்றால் விரிப்பை இழுத்துச் சரிசெய்து, குளியலறையைத் துடைத்து, குப்பையை எடுத்து, அரை மணிக்குள் வெளியே வந்துவிடலாம். நான்கு நாள் பூட்டியே கிடந்து, குடும்பம் புறப்பட்டுப் போன அறை அப்படியா? வைகீகீயில் எல்லோரும் கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள். நான்கு நாள் மணல் கம்பளத்திலும் தொட்டியிலும் இறுகிக் கிடக்கும். ஈரத் துவாலைகள் மலையாகக் குவிந்திருக்கும். குழந்தைகள் சிந்திய பழரசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அறையும் கணக்கில் ஓர் அறைதான்.

ஆகவே வேலை மறைந்து போவதில்லை. ஒரு நாளின் தலையில் வந்து விழுகிறது. மற்ற நாட்களில், பெருக்க வேண்டிய அறைகள் குறைவென்று நிர்வாகம் சிலரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத நாளுக்குக் கூலி ஏது? அன்றியும் ஹவாயில் ஒரு விசேஷம் உண்டு. வாரத்தில் 20 மணி நேரமேனும் தொடர்ந்து வேலை செய்கிற சிப்பந்திக்கு முதலாளி வைத்திய இன்ஷூரன்ஸ் அளித்தாக வேண்டும் என்று 1974-ல் அந்த ராஜ்யம் சட்டம் செய்தது. அமெரிக்காவில் வைத்தியச் செலவு எப்படிப்பட்டது என்பதை அங்கே உறவினர் உள்ள வாசகர்கள் அறிவார்கள். மணிக்கணக்கு இருபதுக்குக் கீழே இறங்கினால் கூலி மட்டுமா குறைகிறது? அதுவும் முதுகையும் தோளையும் நம்பிப் பிழைக்கிற தொழில். ஐந்து பெரிய கம்பெனிகளைச் சேர்ந்த 50 அமெரிக்க ஹோட்டல்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, விடுதிச் சிப்பந்திகளில் அதிகமாகக் காயமடைகிறவர்கள் அறைப் பணிப்பெண்களே என்று காட்டியது. நூறு பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய எட்டுக் காயங்கள். மெத்தையைத் தூக்குவதும் தொட்டிக்குள் குனிவதும் லேசான காரியம் அல்ல.

நம் இல்லத்தரசி அட்டையை மேஜையின் இழுப்பறையில் வைத்து மூடினாள். மறுநாள் காலையில், வருகிற அம்மாள் என்ன நினைத்துக்கொள்வாளோ என்று தானே விரிப்பை மடித்து வைத்து, தரையில் கிடந்ததைப் பொறுக்கி, குளியலறையையும் கழுவி விட்டிருந்தாள். ஆன்ட்டி வந்து பார்த்துச் சிரித்தாள். "மேடம், நீங்கள் மடித்ததை நான் பிரித்துத்தானே ஆக வேண்டும்?" என்றாள்.

இந்த இனாம் முறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஷெராட்டன், வெஸ்டின் முதலிய விடுதிகளை நடத்திய ஸ்டார்வுட் கம்பெனி 2009-ல் இதைப் பல ஊர்களுக்கும் கொண்டுவந்தது. பசுமையான தேர்வு என்று பொருள்படும் பெயரும் சூட்டியது. 2016-ல் அக்கம்பெனியை மாரியட் வாங்கியபோது திட்டமும் கூடவே சென்றது. துவாலையை மறுபடி உபயோகித்துப் பூமியைக் காப்பாற்றுங்கள் என்று குளியலறையில் அட்டை வைப்பது இதற்கும் பழைய பழக்கம். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986-லேயே அதைக் கண்டித்து எழுதினார். சலவைச் செலவை மிச்சம் பிடிப்பதற்குப் பூமியின் பெயரைச் சொல்லுகிறார்கள் என்பது அவர் கட்சி. அழுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் இது பச்சையடிப்பது என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். அந்த ஆங்கிலச் சொல் இன்று உலகமெங்கும் வழங்குகிறது.

இதை வைத்துக்கொண்டு, நீரைச் சேமிப்பது வெறும் பாசாங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓவாஹூ தீவின் குடிநீர் மழையாகப் பெய்து, எரிமலைப் பாறைக்குள் கசிந்து, சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிணற்றுக்கு வருவது. கடலுக்கு நடுவிலுள்ள நிலத்துக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. 2021-ம் ஆண்டின் இறுதியில் ரெட் ஹில் என்ற இடத்தில் கடற்படையின் எண்ணெய்க் கிடங்கு கசிந்து நிலத்தடி நீரில் கலந்தபோது, ஹொனலூலூ நகரத்தார் தங்கள் பெருங்கிணறு ஒன்றையே நிறுத்த நேர்ந்தது. ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருக்குழாயில் நின்றவர்களுக்குத் தண்ணீரின் அருமையை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் துவாலையையும் விரிப்பையும் தினம் மாற்றாதிருந்தாலே இந்த மிச்சத்தில் பெரும்பகுதி கைகூடுமே! தரையைப் பெருக்குவதற்கும் குப்பையை எடுப்பதற்கும் எத்தனை குடம் தண்ணீர் வேண்டும்? சலவையின் மிச்சத்தையும் ஆளின் மிச்சத்தையும் ஒரே அட்டையில் அச்சடித்து, இரண்டுக்கும் சேர்த்து விருந்தாளியிடம் சம்மதம் வாங்குவதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். ஐந்து டாலரை விருந்தாளிக்குக் கொடுத்த பிறகும் விடுதிக்கு லாபம் நிற்கிறது. அந்த லாபத்தில் ஒரு பங்கு யாருடைய கூலி?

நாம் திரும்பிய மறுவருஷம், 2018 அக்டோபரில், அமெரிக்காவின் எட்டு நகரங்களில் மாரியட் நடத்தும் விடுதிகளின் சிப்பந்திகள் 7,000-க்கு மேற்பட்டோர் வேலை நிறுத்தம் செய்தார்கள். "ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும்" என்பது அவர்கள் கோஷம். வயிறு நிறைய இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவர்கள் எடுத்துரைத்த குறைகளில் இந்தப் பசுமை அட்டையும் ஒன்று. ஹவாயில் ஐந்து விடுதிகளைச் சேர்ந்த 2,700 பேர் மறியலுக்கு வந்தார்கள். ரோஜா நிற ராயல் ஹவாயன் அதில் ஒன்று. ஆலமரம் நிற்கும் மோவானா இன்னொன்று. 51 நாட்கள் தெருவில் நின்ற பிறகே கூலி உயர்வுடன் உடன்படிக்கை ஏற்பட்டது.

பிறகு 2020-ல் கொள்ளைநோய் வந்தது. தொற்றுக்கு அஞ்சி எவரும் பிறர் அறைக்குள் நுழையாத காலம் அது; தினசரிப் பெருக்கல் தானாகவே நின்றது. நோய் தணிந்த பின்னும் பழைய வழக்கம் எல்லா இடத்திலும் திரும்பவில்லை. 2021-ல் ஹில்டன் கம்பெனி, அமெரிக்காவிலுள்ள தனது விடுதிகளில் உயர்தர விலாசங்கள் நீங்கலாக மற்றவற்றில், கேட்டால்தான் தினசரி சுத்தம் என்று அறிவித்தது. இங்கே இனாம் சீட்டுக்கும் வேலையில்லாமற் போயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். முன்பு வேண்டாம் என்று சொல்லுகிறவருக்குப் பரிசு; பின்பு வேண்டும் என்று சொல்லுகிறவர் டெலிபோனை எடுக்க வேண்டும்.

சிப்பந்திகளும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் லாஸ் வேகாஸ் நகரத்துத் தொழிற்சங்கத்தார் பெரிய சூதாட்ட விடுதிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அறைகளைத் தினமும் சுத்தம் செய்தாக வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் வைகீகீயின் மிகப் பெரிய விடுதியான ஹில்டன் ஹவாயன் வில்லேஜில் சுமார் 1,800 பேர் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். அது ஏறக்குறைய 40 நாள் நீடித்தது. நோய்க் காலத்தில் வெட்டிய ஆட்களையும் சேவைகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஹொனலூலூவில் கூலிக்காக இரண்டு முறை மறியல் நின்ற அறைப் பணிப்பெண்கள் இன்றும் அங்கே வண்டி தள்ளிக் கொண்டிருக்கிறார்கள்.

ஹவாய்க்குப் போகிற நேயர்களுக்குச் சில குறிப்புகள். துவாலையைக் கம்பியில் தொங்கவிட்டால் மாற்ற வேண்டாம் என்றும், தரையில் போட்டால் மாற்ற வேண்டும் என்றும் பெரும்பாலான விடுதிகளில் பொருள். விரிப்பு மாற்ற வேண்டாம், அறையை மட்டும் பெருக்கினால் போதும் என்று முன்கூடத்தில் சொல்லி வைக்கலாம். கேட்டால்தான் வருவார்கள் என்ற விடுதியில் கேட்டுவிடுவது நலம். கடற்கரையிலிருந்து திரும்பும்போது வாசலிலுள்ள குழாயில் காலை நன்றாகக் கழுவிக்கொள்ளவும். அந்நாட்டு வழக்கப்படி இரண்டு முதல் ஐந்து டாலர் வரை அறைப் பணிப்பெண்ணுக்கு வைப்பதுண்டு. அதைக் கடைசி நாள் மொத்தமாக வைக்காமல், அன்றன்று காலையில், இன்னாருக்கு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தலையணைமீது வைக்க வேண்டும். ஏனென்றால் நாளைக்கு வருகிறவள் வேறொருத்தியாக இருக்கலாம்.