மூன்றாம் மாதத்துக்கு முன்

பிள்ளைத்தமிழில் வரும் குழந்தைக்கு முதல் இரண்டு மாதங்கள் கிடையாது. 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் முடிய, ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்கள் என்பது பன்னிரு பாட்டியல் தரும் கணக்கு. காப்புப் பருவத்தை 2-ஆம் மாதத்தில் வைப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் பிறந்த கையோடு ஒரு குழந்தையை யாரும் பாட்டுக்குள் எடுத்துக்கொள்வதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடியதிலும், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியைப் பாடியதிலும் இந்த ஒழுங்கு இருக்கிறது. தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் வருஷா வருஷம் இந்தப் பட்டியலை வகுப்பில் சொல்லி வருகிறேன். பட்டியல் ஏன் அங்கே தொடங்குகிறது என்பது ஒரு கேள்வியாக எழுந்தது மகள் பிறந்த பிறகுதான்.

குழந்தை நிலைக்குமா என்று தெரியாத காலத்தில் கொஞ்சம் பொறுத்துப் பாடியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். எனக்கு வேறொரு காரணம் படுகிறது. இந்த வகைமைக்கு ஒரு செய்கை வேண்டும். செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலையை ஆட்டுகிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. வருகையில் நடந்து வருகிறது. இதையெல்லாம் பார்க்கக் கூர்ந்த கண் வேண்டும். அந்தக் கண் நம் பழைய கவிகளிடம் இருந்தது. ஆனால் அது எதிரே உட்கார்ந்து பார்க்கும் கண். பிறந்த குழந்தையின் பார்வை 20, 30 செண்டிமீட்டருக்கு மேல் தெளிவாகப் போவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் குனிந்த முகத்துக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான். அதற்குள் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லை. கவிக்கும் இடமில்லை.

பெண்குரலில் பாடிய ஆண்களில் பெரியாழ்வார் இதற்கு வெகு அருகில் வந்தவர். யசோதை தன் உடம்பு மெலிந்துபோனதைச் சொல்லும் ஓர் இடம் அவரிடம் உண்டு. ஆனால் அந்தக் கண்ணனும் உதைக்கத் தெரிந்த கண்ணன். நான் சொல்வது உதைக்கவும் தெரியாத நாட்களைப் பற்றி. கழுத்து நிற்காத, முகம் பார்க்காத, அழுகை ஒன்றைத் தவிர எந்த மொழியும் இல்லாத நாட்கள்.

நாங்கள் குடியிருப்பது மணிமங்கலத்தில். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் வரும் ஊர். ராஜகோபாலசாமி கோயிலும் தர்மேஸ்வரர் கோயிலும் ஏரியும் உள்ள பழைய ஊர். சரித்திரப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி உண்டு. சுமார் 642-இல் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று இது. கூரம் செப்பேடு மணிமங்கலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்ற சொல்லைப் பல்லவன் எழுதினான் என்பது அதில் வரும் கற்பனை. இரவில் மகளைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வருவதற்காகத் தட்டிக்கொண்டிருக்கும்போது இது ஞாபகம் வரும். ஒரு சாண் முதுகு. அதில் எதையும் எழுத முடியாது, தட்டிக் கொடுக்கலாம். பத்து நிமிஷத்தில் ஏப்பம் வரும். சில சமயம் ஏப்பத்தோடு பாலும் என் தோளில் வழியும். இந்த ஊரில் இந்த வெற்றியும் 642-க்கு முன்னும் பின்னும் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்குச் செப்பேடு இல்லை.

இப்போது ஊரைச் சுற்றிக் காலம் ஷிப்டுக் கணக்கில் நகர்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் வந்தது. பிறகு டயர், உதிரி பாகம், கண்ணாடி. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கின்றன. என் கணவருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு. எட்டு மணி நேரத்தை மூன்றால் பெருக்கி நாள் செய்துகொண்ட ஊரில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று வாழும் ஒரு ஜீவன் வந்து சேர்ந்தது. இரவு ஷிப்டு முடிந்து அவர் காலையில் வரும்போது அந்த வீட்டில் மூன்று பேரும் தூங்காதவர்கள். ஆனால் விழித்த கணக்குக்குச் சம்பளம் ஒருவருக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நர்ஸ் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எந்தப் பக்கம் பால் கொடுத்தது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை நனைத்தாள். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை முதல் நாட்களில் குறையலாம்; இரண்டு வாரத்தில் திரும்பி வரும்; நாளைக்கு ஆறு தடவையாவது நனைத்தால் பால் போதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதுதான் அவர் சொன்ன சித்தாந்தம். எழுபது சொச்ச நாட்கள் நான் எழுதியது அந்த நோட்டு ஒன்றைத்தான். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

இடது 1.10. ஈரம். வலது 2.50. கக்கினாள். மறுபடி வலது. ஈரம். இடது 3.30? பஸ் போயிற்று.

3.30-க்கு எதிரே உள்ள கேள்விக்குறி நான் போட்டதுதான். அது நேரத்தைப் பற்றிய சந்தேகமா, பக்கத்தைப் பற்றியதா, எல்லாவற்றையும் பற்றியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

இந்த நாட்களில்தான் நண்பர் ஒருவர், விமர்சகர், தன் கட்டுரையின் அச்சுப்படியைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அனுபவம் காலத்தில் ஊறி, வடிகட்டப்பட்டு, சொந்தத்தின் கசடு நீங்கிய பிறகே கலையாகிறது என்பது கட்டுரையின் மையம். மகளை மடியில் போட்டுக்கொண்டு, தாளை அவள் மேல் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கை அசந்து தாள் மடியில் இறங்கியது. வடிகட்டப்படாத ஒன்று இரண்டாம் பக்கம் முழுவதும் பரவிற்று. நோட்டில் அன்றைய ஏழாவது ஈரமாக அது பதிவாகியிருக்கிறது. நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் வாதத்தை விடவில்லை. நானும் விடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

விபத்துகளில் பெரும்பாலானவை இந்த ரகம். கான்கிரீட் வீட்டில் தூளி கட்ட விட்டம் இல்லை. இருந்த ஒரே கொக்கியில் மின்விசிறி தொங்கியது. ஸ்பிரிங் வைத்த இரும்புத் தொட்டில் ஸ்டாண்டு வாங்கி வந்தோம். குழந்தை தூங்கும்வரை அது சத்தம் போடாது. தூங்கியதும் கிறீச்சிடும். தேங்காயெண்ணெய் போட்டதில் தரையெல்லாம் எண்ணெயாகி நான் வழுக்கினேன், கிறீச்சு நிற்கவில்லை. செய்யாற்றிலிருந்து வந்த அம்மா வசம்பை விளக்கில் சுட்டுக் கல்லில் உரைத்து ஒரு சொட்டு நாக்கில் வைக்கப் பார்த்தாள். தடுப்பூசிக் கணக்கெடுக்க வந்த நர்ஸ், ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒன்றும் கூடாது என்றார். "உன்னயெல்லாம் இன்னாடி குடுத்து வளத்தேன்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். கேள்வி நர்ஸுக்கு. கடைசியில் வசம்பு வாய்க்குப் போகாமல் கையில் வளையலாக ஏறிற்று. இரண்டு சாஸ்திரங்களும் தத்தம் கௌரவத்தோடு விலகிக்கொண்டன.

சந்தோஷங்களைச் சொல்வது கடினம். அவை இன்னும் சிறியவை. அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து, மகளைக் கால்களின் மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும்போது, அதுவரை அலறியவள் சட்டென்று ஓய்ந்து தண்ணீரைக் கேட்பாள். கேட்பாள் என்றுதான் சொல்லவேண்டும். தூக்கத்தில் அவள் உதடு கோணிச் சிரித்தால், "நரி வெரட்டுது" என்பாள் அம்மா. அந்தச் சிரிப்பு யாருக்கும் உரியதல்ல. பிறகு 43-ஆம் நாள் காலை, என் முகத்தைப் பார்த்து, நரி இல்லாமல், ஒரு சிரிப்பு வந்தது. ஆறு வார வாக்கில் இப்படி நிகழும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகத்தில் போட்டிருப்பதால் அதன் அளவு குறையவில்லை. நோட்டில் அந்த நாளின் பதிவு: வலது 6.20. சிரித்தாள். ஈரம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை விட்டால் கணக்கு பொய்யாகும். பின்னிரவு மூன்று மணிக்கு, நான்காவது தடவை எழும்போது எழும் கோபத்துக்கு நம் எழுத்தில் பெயர் இல்லை. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கில உளவியலாளர், குழந்தை மருத்துவராகவும் இருந்தவர், 1949-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தை தாயை வெறுக்கத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தாய் குழந்தையை வெறுக்கிறாள் என்று சொல்லி, அதற்குப் பதினெட்டுக் காரணங்களை வரிசையிட்டார். வெறுப்பை உணர்ந்தும் அதைக் குழந்தைமேல் காட்டாமல் தாங்கிக்கொள்வதே தாயிடம் வியக்கத்தக்கது என்பது அவர் கருத்து. தாலாட்டில் தாயின் இந்த மனநிலை குழந்தைக்குத் தெரியாமல் வெளிப்படுகிறது என்றும் காட்டினார். நம் கிராமத்துப் பெண்கள் இதற்கு உளவியல் படிக்கவில்லை. தாலாட்டில் யார் அடித்தார்கள் என்று கேட்டு, அத்தையையும் பாட்டியையும் மாமனையும் வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்தும் சம்பிரதாயத்தில், குழந்தையை யாரும் அடிக்கவில்லை. அடிபட்டவள் பாடுகிறவள். பிள்ளைத்தமிழ்த் தாய்க்கு இல்லாத புகார் தாலாட்டுக்காரிக்கு உண்டு. ஒன்று ஏட்டில் ஏறியது, இன்னொன்று வெகு காலம் வாயோடு நின்றது என்பது தற்செயல் அல்ல.

எங்கள் வரிசை வீட்டில் கடைசி அறையில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என் மகளுக்கு ஒரு மாதம் பிந்தி அவளுக்கு மகன் பிறந்தான். உதிரி பாகம் செய்யும் ஓரிடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தவள். வயிறு தெரிந்த ஏழாம் மாதத்தில் நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 1961-இல் வந்த மகப்பேறு உதவிச் சட்டம் 12 வாரம் விடுப்புத் தந்தது. 2017-இல் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். வேலைக்குத் திரும்பியவளுக்குக் குழந்தையின் 15-ஆம் மாதம்வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை வேண்டும். நல்ல சட்டம். 80 நாளுக்கு மேலேயே அவள் வேலை செய்திருக்கிறாள். அவளிடம் அதைக் காட்டும் தாள் இல்லை. தாய்வீடு ரயிலில் இரண்டு நாள் தூரம். என் அம்மாதான் அவள் பிள்ளையையும் குளிப்பாட்டினாள். அவள் என்னை அக்கா என்கிறாள். அதைத் தாண்டி எங்களுக்குப் பொதுவாக இருபது வார்த்தை இருக்கலாம். அவள் பாடும் தாலாட்டு எனக்குப் புரிவதில்லை. ஆனால் எந்த இடத்தில் யாரைத் திட்டுகிறாள் என்பது ராகத்திலேயே தெரிகிறது.

நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். ஊறிய பிறகு வடிகட்டு என்கிறார். இந்த அனுபவத்தின் குணமே அது நினைவைத் தின்றுகொண்டு நடப்பதுதான். தூங்காத மூளை எதையும் ஊறவைப்பதில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எந்தத் தாயும் எல்லாம் மறந்துபோச்சு என்பாள். மறந்த இடத்தில் தாய்மை என்ற பெரிய சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் கவிதைகளில் வரும் அம்மாக்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லிலிருந்து பிறந்தவர்கள். 1976-இல் லண்டன் ஐ.சி.ஏ. காட்சிக்கூடத்தில் மேரி கெல்லி என்ற கலைஞர், தன் மகனின் மலக்கறை படிந்த துணிகளின் மேல் அன்றன்று அவன் உண்டதைக் குறித்துச் சட்டமிட்டு மாட்டினார். பத்திரிகைகள் கூச்சலிட்டன. அந்த வரிசையில் தாயின் உருவமும் இல்லை, குழந்தையின் உருவமும் இல்லை. பார்வையாளனுக்குப் பழகிய மடோனாவை அவர் தர மறுத்தார். அதைக் கலை என்று ஒப்புக்கொள்ள நண்பருக்குச் சங்கடம். எனக்கும் ரசனை அளவில் அது உவப்பில்லை. ஆனால் கசடு என்று நாம் நீக்குவதில்தான் சில சமயம் விஷயம் தங்கிவிடுகிறது என்பதை அது காட்டியது. இடைவெட்டுகளாலேயே ஆன ஒரு வாழ்வுக்கு இடைவெட்டுகளாலேயே ஆன உரைநடை வேண்டும். அது முற்றுப்பெற்ற வாக்கியமாக வராது. நேரமும் பக்கமும் ஈரமுமாக வரும். நோட்டை இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தாண்டி எழுதுகிறவள் அதைப் பொய்யாக்காமல் எழுதவேண்டும் என்கிறேன்.

மகளுக்கு இது 4-ஆம் மாதம். கழுத்து நின்றுவிட்டது. பாட்டியல்படி அவள் பாட்டுக்குள் வந்தாயிற்று. இனி அவளைப் பார்க்கக் கவிகள் உண்டு. என் நோட்டு 74-ஆம் நாளோடு நின்றது. மீதிப் பக்கங்களை ஒடிசாப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் எழுத்து எனக்கு வாசிக்க வராது. நடுவில் வரும் எண்களை மட்டும் படிக்க முடிகிறது: 1.40, 3.00, 3.30.