பங்குக் கிணற்றடி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி, கோடையில் தடம் தெரியாமல் காய்ந்துவிடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. மிச்ச மாதங்களுக்கு அந்த நீரை நம்பித்தான் சீவியம். ஆகவே எங்கள் ஊரில் தோட்டம் என்றால் முதலில் கிணறு. காணி எத்தனை பரப்பு என்று ஒருவரைக் கேட்டால், பரப்போடு கிணற்றில் தனக்குள்ள பங்கையும் சேர்த்தே சொல்லுவார். காணி உறுதியிலும் கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் பங்கு என்று எழுதியிருக்கும். முறை வைத்து இறைப்பார்கள். இன்று உங்கள் முறை, நாளை பக்கத்துத் தறைக்காரரின் முறை.

சுன்னாகம் யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றரில், காங்கேசன்துறை வீதியில் இருக்கிற சிறு பட்டினம். ஒரு சந்தி, ஒரு ரயில் நிலையம், கதிரமலைச் சிவன் கோயில், பட்டினத்தைவிடப் பேர் பெற்ற ஒரு சந்தை. வாழைக்குலைகளும் வெங்காயப் பிடிகளும் அந்தச் சந்தைக்குள் மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1970-இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. ஊரில் பல கல்வீடுகள் அந்த மிளகாய்க் காசில் எழும்பியவை என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். 1977-இல் இறக்குமதி திறந்துவிடப்பட விலை இறங்கியது. ஆனாலும் தோட்டத்தின் போக்கு மாறவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசினும் யூரியாவும் வந்து, ஆள் மிதித்து இறைக்கிற துலாவைக் கழற்றிப் போட்டிருந்தன. கொழும்பு லொறியை எதிர்பார்த்தே பயிர் செய்தார்கள். செம்மண்ணில் இடைவிடாமல் உரம் போட்டதில் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலேயே எழுதினார்கள். அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் அப்போது குறைவு.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் போனது. ரயில் நின்றது. மண்ணெண்ணெய், உரம், சீமெந்து, பற்றறி என்று ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் தடைப் பட்டியலுக்குள் போயின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மிசின்கள் சாக்கு மூடிக் கொட்டிலுக்குள் கிடந்தன. கொழும்புக்குப் போக வேண்டிய வெங்காயம் வாங்க ஆளில்லாமல் தேங்கியது. மறுபக்கம் அரிசியும் கோதுமை மாவும் சங்கக்கடையில் வரிசை நின்று வாங்குகிற பொருளாயின. காசுப்பயிர் செய்து பழகிய ஒரு பட்டினம், தன் வாய்க்குத் தானே விளைவிக்க வேண்டிய நிலைக்கு ஒரே போகத்தில் வந்து சேர்ந்தது.

துலா திரும்பி வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஒழுங்கையின் பங்குக் கிணற்றில் ஆடுகால் மட்டும் பட்டுப்போன மரம்போல மிஞ்சி நின்றது. துலாவை ஏற்றிக் கட்டவும், கொடியின் நீளத்தைக் கிணற்றின் ஆழத்துக்கு அளவாக வெட்டவும் தெரிந்தவர்கள் வயது போனவர்கள் மட்டுமே. அதுவரை விறாந்தையில் சாய்மனைக் கதிரையோடு இருந்த அப்புமார் திடீரென்று ஊருக்கு வேண்டியவர்கள் ஆனார்கள். ஓலைப்பட்டை இழைக்கத் தெரிந்த ஆச்சி ஒருவரின் முற்றத்தில் பெட்டையள் கூடியிருந்து பழகினார்கள்.

மிசினுக்கு ஒரு ஆள் போதும். துலாவுக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். இன்னொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மூன்றாமவர் வாய்க்கால் வழியே போய்ப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். ஒரு வீட்டில் மூன்று ஆண்கள் இல்லாத காலம் அது. வெளிநாடு போனவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள், செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் ஒருவர் தறைக்கு ஒருவர் மாறி மாறிப் போய் நின்றார்கள். கூலிப் பேச்சு இல்லை. இன்றைக்கு நான் உனக்கு மிதித்தால் வெள்ளிக்கிழமை நீ எனக்குத் தண்ணீர் மாற வேண்டும். இறைப்பு விடியப்புறமே தொடங்கும். வெயில் ஏறுமுன் முடிக்கலாம் என்பது ஒரு காரணம், வானத்தில் சத்தம் தொடங்குமுன் முடிக்கலாம் என்பது இன்னொன்று. ஹெலியின் இரைச்சல் கேட்டால் துலாவில் நிற்பவர் குதித்து இறங்கி வாய்க்காலுக்குள் படுப்பார். இரைச்சல் அகன்றதும் அப்புவின் குரல் வரும்: "தண்ணியை விட்டிட்டுப் போகாதை தம்பி, கடைசிப் பாத்தி வாய் பாத்துக்கொண்டு நிக்குது."

உரத்துக்கு வேலி இருந்தது. எங்கள் வேலிகள் கதியால் போட்டு வளர்த்த உயிர் வேலிகள். பூவரசு, கிளுவை, முருங்கை. பூவரசங்குழையை வெட்டித் தறையில் தாழ்த்தினோம். காவோலையையும் பழைய வேலி ஓலையையும் கொத்தித் தாட்டோம். மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு தறையிலும் சில இரவுகள் பட்டி அடைத்தார்கள். பூச்சிக்கு வேப்பங்கொட்டை இடித்துக் கரைத்துத் தெளித்தோம். யூரியா காலத்துக்கு முன் இருந்த தலைமுறைக்கு இதெல்லாம் சாதாரண வேலை; எங்களுக்குப் புதுப் பாடம்.

வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தது இதே காலத்தில்தான். பலாலி, வசாவிளான், மயிலிட்டிப் பக்கத்துச் செம்மண் குடாநாட்டின் மிகச் செழிப்பான மண். அதைத் தலைமுறையாகக் கொத்தி வாழ்ந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் உறவினர் திண்ணைகளிலும் வந்து தங்கினார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு மாமி சீலைத் தலைப்பில் முடிச்சு முடிச்சாக விதை கொண்டுவந்திருந்தார்: சாம்பல் கலந்த கத்தரி விதை, பயற்றை, பாகல், பூசணி. ஓடி வருகிற அவசரத்தில் நகையை எடுத்தவர்கள் உண்டு, உறுதியை எடுத்தவர்கள் உண்டு. அவர் விதையை எடுத்திருந்தார். என் அம்மா வேலியில் நின்றபடி கூப்பிட்டுச் சொன்னார்: "எங்கட அடிவளவு சும்மா கிடக்குது அக்கா, நீங்கள் போடுங்கோ. கிணறும் கிடக்குதுதானே." வாடகையும் இல்லை, வாரமும் இல்லை. காய்த்த முதல் கத்தரிக்காய் ஒரு சுளகு நிறைய எங்கள் குசினிக்கு வந்தது. அதன் விதை அடுத்த போகம் ஒழுங்கை முழுவதும் பரவியது.

வாசிகசாலையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் இல்லாத ஊர் இல்லை. பேப்பர் படிக்க ஒரு அறை, கரம் விளையாட ஒரு மேசை. அந்த நாட்களில் உதயன் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தது. அதைச் சத்தமாக ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே நிலையத்தின் பின்காணியில் மண்வெட்டி பிடித்தார்கள். முன்பு கரப்பந்தாட்டம் நடந்த இடம் அது. மரவள்ளியும் வாழையும் நட்டார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் ஓரத்தில் கீரைப் பாத்தி கட்டினார்கள். விளைந்ததில் பாதி அகதி முகாம் பிள்ளைகளின் இலைக்கஞ்சிக்கு, மிச்சம் வேலை செய்த வீடுகளுக்கு என்று ஒரு கூட்டத்தில் பேசி முடிவாயிற்று. விதை வெங்காயத்தைப் பிடி கட்டி நிலையத்தின் முகட்டிலேயே தூக்கினார்கள். எடுத்தவர் அடுத்த போகத்தில் எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடத் திருப்பித் தர வேண்டும் என்று கணக்குக் கொப்பியில் எழுதினார்கள். குடாநாட்டில் பட்டினி பெரும் சாவாக மாறாமல் தடுத்தவற்றில் நிவாரண அரிசிக்கும் வெளிநாட்டுக் காசுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நிவாரணக் கப்பல் பிந்திய கிழமைகளில் அடுப்பு எரிந்ததற்கு அந்தக் கணக்குக் கொப்பியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாப்பாடும் மாறியது. ஒடியல்மாப் பிட்டு, குரக்கன் ரொட்டி, மரவள்ளிக்கிழங்கும் இடிச்ச சம்பலும், முசுட்டையிலை வறை, முருங்கையிலைக் கஞ்சி. சீனிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தோம். இன்றைக்கு இந்தச் சாப்பாடுகளுக்குச் சத்துணவு என்று பேர் வைத்து விழா நடத்துகிறார்கள். நல்ல விசயம். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் தின்றோம், அலுத்துப்போய்த்தான் தின்றோம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பங்குக் கிணறு எல்லோருக்கும் பங்காக இருக்கவில்லை. 1960-களின் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நடந்து முடிந்த பிறகும் சில கிணறுகளின் கட்டில் ஏறச் சில சாதியினருக்கு உரிமை கொடுக்கப்படவில்லை. அவர்கள் வாளியை வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றும் வரை காத்து நின்றதை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். தடைக்காலத்தில் துலா மிதிக்க ஆள் தேவைப்பட்டபோது சில கிணற்றடிகளில் அந்தக் கோடு அழிந்தது. எங்கள் கிணற்றடியில் மிதித்தவரும் பட்டை பிடித்தவரும் ஒரே பானையில் தேத்தண்ணி குடித்தார்கள். எல்லாக் கிணற்றடியிலும் அப்படி நடந்தது என்று சொன்னால் அது பொய். நிலம் இல்லாதவர்களுக்கு அந்தப் போகங்களிலும் நிலம் கிடைக்கவில்லை. கிடைத்தது பெரும்பாலும் ஒரு மூலை மட்டும்.

1995 அக்டோபர் 30-ஆம் திகதி, சண்டை நெருங்க, எங்கள் ஊர் உட்பட வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழைக்காலம். நட்ட பயிரை நின்றபடி விட்டுப் போனோம். வாசிகசாலை முகட்டு வெங்காயத்தில் ஆளுக்கு இரண்டு பிடி எடுத்துக்கொண்டோம். அதில் கொஞ்சம் சாவகச்சேரிப் பக்கத்து மணலில் முளைத்தது. அடுத்த சித்திரையில் ஊருக்குத் திரும்பியபோது தறைகள் நெஞ்சளவு பற்றையாக நின்றன. கிணறு மட்டும் தண்ணீரோடு இருந்தது.

அந்தத் தட்டுப்பாடு பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. 2021-இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடைசெய்து, அந்த ஆண்டு முடியுமுன் திருப்பிப் பெற்றது. 2022-இல் நாடு வெறுங்கையோடு நின்றபோது, வீட்டுத்தோட்டம் செய்ய என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். வெறும் விடுமுறை தோட்டம் ஆகாது. விதை யாரிடம், தண்ணீர் யாருடைய முறை, விளைந்தால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிற ஒரு ஒழுங்கை வேண்டும். எங்களிடம் அது இருந்தது. அதை நாங்கள்தான் கைவிட்டோம்.

இன்று வீட்டுக்கு ஒரு குழாய்க் கிணறு, வீட்டுக்கு ஒரு மோட்டர். முறை கேட்க ஆளில்லை, முறையும் இல்லை. 2010-களின் நடுவில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற முறைப்பாடு எழுந்து, கிணற்றை நம்பி வாழ்ந்த எங்கள் ஊருக்கே பவுசரில் தண்ணீர் வந்ததையும் பார்த்தோம். உயிர் வேலி இருந்த இடத்தில் மதில். பூவரசங்குழைக்கு இனி எங்கே போவது? எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளின் படலை பூட்டிக் கிடக்கிறது. உரித்துக்காரர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். பூட்டிய வளவுக்குள் நாயுண்ணியும் பார்த்தீனியமும் மதில் உயரத்துக்கு நிற்கின்றன. அதே ஒழுங்கையின் கடைசியில் காணியில்லாத குடும்பங்கள் கீரையைக்கூடச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகின்றன.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என்னுடைய விண்ணப்பம் சிறியது. காணியை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். பயிர் செய்ய விரும்புகிற பக்கத்து வீட்டுக்கோ ஊர் வாசிகசாலைக்கோ இத்தனை ஆண்டுக்கு என்று ஒரு கடிதம் கொடுங்கள். கிணற்றுப் பங்கையும் அதில் சேர்த்து எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னர் அந்தக் கடிதம் வந்தால், இந்த மாரிக்கே பற்றையைக் கொத்தித் தாட்டுவிடலாம்.