திருவனந்தபுரமும் ட்ரிவேண்ட்ரமும்

ஓர் ஊருக்கு வெளியார் தம் நாவுக்கேற்ப வழங்கும் பெயரைப் புறப்பெயர் எனலாம். இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவை ஆங்கிலேயர் லெகார்ன் என்றழைத்த வழக்கு இன்று அருகிவிட்டாலும், அத்துறையிலிருந்து கப்பலேறிய வெள்ளைக் கோழியினம் நம் பண்ணைகளிலும் லெகார்ன் என்றே அறியப்படுகிறது.

திருவனந்தபுரத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. நம்மாழ்வார் அனந்தபுரம் எனப் பாடிய தலம் ஆங்கிலத்தில் ட்ரிவேண்ட்ரம் எனச் சுருங்க, 1991இல் கேரள அரசு முழுப்பெயரை ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமாக்கியது. எனினும் விமான நிலையக் குறியீடு டி.ஆர்.வி.யாகவே நீடிக்கிறது.

இதனினும் சுவையானது நூலுலகத்து எச்சம். திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்த மலையாள எழுத்துச் சுவடிகளைக் கொண்டு, பழங்கால நாடகாசிரியரான பாசனுடையவை எனத் தாம் கருதிய வடமொழி நாடகங்களை 1912 முதல் திருவனந்தபுரத்திலிருந்து பதிப்பித்தார். அவை பாசனுடையவைதாமா என்ற வழக்கு தீராமையால், எப்பக்கமும் சாராத அறிஞர்கள் அப்பதின்மூன்றையும் ‘ட்ரிவேண்ட்ரம் நாடகங்கள்’ என்று பொதுவாகக் குறித்தனர். சுவடி கிடைத்த மணலிக்கரையோ (இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்) அப்பெயரில் இடம்பெறவில்லை. அச்சிட்ட நகரத்துக்கே அப்பெருமை போயிற்று.