பிளைவீலில் ரெண்டு கிலோ

மெக்கானிக்கல் மாணவன் ஆண்டு மலருக்குக் கவிதை கொடுத்தால் மலர்க் குழுவில் இருக்கும் இ.சி.இ. நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த கிரீஸ் சமாச்சாரத்தையே எழுதுகிறேன். படூரில் எங்கள் மாமா வீட்டுப் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், ஒரு மாருதி 800 காருக்குப் புது கிளட்சும் எடை குறைந்த பிளைவீலும் மாட்டிய கதை இது. டிப்ளமோ படிப்பு வீட்டில் எதற்காவது உதவுமா என்று கேட்பவர்கள் அவசியம் படிக்கவும்.

மாமாவுக்கு ரேஸ் பைத்தியம். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைச் சின்னப் பையனாகப் பார்த்தவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் திறந்த பிறகு அங்கேயும் டிக்கெட் வாங்கி வெயிலில் நின்றவர். கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் மாருதி என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினாரே, அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். "அதே என்ஜின்தாண்டா மாப்ள நம்ம வண்டியிலயும் இருக்கு!" என்பார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 37 குதிரைத் திறன். கம்பெனி 2014-லேயே நிறுத்திவிட்ட வண்டி. அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மண் தரையில் ஆட்டோகிராஸ் ஓட்டுவது அவர் வழக்கம்.

அதே காரில்தான் வாரம் இரண்டு முறை தாத்தாவை டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு கூட்டிப்போக வேண்டும். தாத்தா பின் சீட்டில் உட்கார மாட்டார், முன் சீட்டுதான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

முதலில் பிளைவீல் எதற்கு? பிஸ்டன் எப்போதும் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. நம் ஊர் கிணற்று ஆயில் என்ஜினில் ஒரே சிலிண்டர். 720 டிகிரிக்கு ஒரு முறைதான் பவர் ஸ்ட்ரோக். அதனால்தான் இரண்டு பக்கமும் ஆள் தூக்க முடியாத சக்கரம். நாலு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒன்று, மாருதியின் மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. இடைப்பட்ட நேரத்துக்குச் சக்தியைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது பிளைவீல். குயவர் கோலால் சுற்றிவிட்டுக் கையை எடுத்த பிறகும் சக்கரம் ஓடுகிறதே, அதே விஷயம்தான்.

எடையைக் குறைத்தால் என்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும். எவ்வளவு லாபம் என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 2 கிலோ குறைத்தால் நிலைமத் திருப்புத்திறன் 0.02 குறையும். முதல் கியரில் என்ஜின் சுமார் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதை வர்க்கப்படுத்தி, டயர் ஆரம் கால் மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால், 72 கிலோ. அதாவது காரிலிருந்து ஒரு முழு ஆள் இறங்கின மாதிரி! நாலாவது கியரில் அதே கணக்கு வெறும் 5 கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை. மண் தரையில் முதல், இரண்டாம் கியரிலேயே வளைந்து திரும்பும் ஆட்டோகிராஸுக்கு இது பெரிய விஷயம். நெடுஞ்சாலையில் ஒன்றுமே இல்லை.

மாமாவின் முதல் திட்டம், பழைய வார்ப்பிரும்பு பிளைவீலையே லேத்தில் கொடுத்துச் சீவிவிடுவது. "ரெண்டு கிலோ எடுத்து, நடுவுல நாலு ஓட்டை போட்டுத் தர்றேன்" என்று பட்டறைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டும் விட்டார். எனக்கு இதுதான் பயமாக இருந்தது. 25 செ.மீ. விட்டமுள்ள வளையம் 6000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அழுத்தம் சுமார் 44 மெகா பாஸ்கல். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பு 150, 200-க்குத் தாங்கும். அது வரை சரி. ஆனால் ஓட்டை போட்ட இடத்தில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகும். ரேஸில் ஆர்.பி.எம். எகிறினால் அதுவும் வர்க்கத்தில் ஏறும். வருஷக்கணக்காகக் கிளட்ச் சூட்டில் வெந்த வீலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். வார்ப்பிரும்பு வளையாது, சொல்லாமல் உடையும். உடைந்தால் துண்டுகள் பறக்கும் இடம் முன் சீட்டுக்காரரின் கால் பக்கம்.

"மாமா, அந்த சீட்ல யாரு உக்கார்றாங்க?" என்று கேட்டேன். மாமா நோட்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். மறுநாள் பட்டறைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிறகு கோயம்புத்தூரில் ரேஸ் வேலையை விட்டுவிட்ட ஒரு மெக்கானிக்கிடமிருந்து ஸ்டீலில் கடைந்த பிளைவீலும், ஸ்பிரிங் கனமான பிரஷர் பிளேட்டும் வாங்கி வந்தார். என்ன விலை என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலர் அவர் கையில் கிடைக்காமலிருக்க வேண்டும்! சில மூன்று சிலிண்டர் என்ஜின்களில் பிளைவீலின் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கனமாக வைத்திருப்பார்கள். அதனால் பழையது, புதியது இரண்டையும் பாலன்சிங் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.

வேலை ஒரு சனிக்கிழமை காலை ஆரம்பம். முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றுங்கள். காரைத் தூக்கினால் இரும்பு ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும். ஜாக்கியை நம்பியோ ஹாலோ பிளாக் கல்லை நம்பியோ யாரும் அடியில் படுக்காதீர்கள். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாக நொறுங்கும். கியர் ஆயிலை இறக்கி, கிளட்ச் கேபிள், செல்ஃப் மோட்டார், கியர் ராடு, இரண்டு டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழற்றி, என்ஜினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கியர் பாக்ஸை இருவரும் மார்பில் ஏந்தி இறக்கினோம். உள்ளே கறுப்புத் தூசி. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

ஸ்டீல் வீலை வைத்துப் புது போல்ட் போட்டு, டார்க் ரென்ச்சால் எதிரெதிராக முறுக்கினோம். பிளேட் நடுவில் உட்கார நான் மரத்தில் ஒரு கட்டை கடைந்து வைத்திருந்தேன். முதலாம் ஆண்டு டர்னிங் பிராக்டிகலில் வாங்கிய மார்க்குக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது. பிளேட்டை எண்ணெய்க் கையால் தொட்டால் அது வழுக்கும். எனவே சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எடுத்தோம். கையோடு ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட்டோம். எல்லாம் முடிய ஞாயிறு மாலை ஆகிவிட்டது.

அடுத்த ஆட்டோகிராஸில் மாமா கையில் வண்டி துள்ளியது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் ஊசி எகிறுகிறது! மாமா ஒரு வாரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை தாத்தாவோடு கிளம்பினோம். கேளம்பாக்கம் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது கதை வேறு. கிளட்சை விட்டால் வண்டி உதறும், கொஞ்சம் அசந்தால் ஆஃப். சேர்த்து வைத்த சக்தி இல்லாததால் கால் தவறினால் மன்னிப்பதற்கு ஆளில்லை. போதாததற்கு கனமான ஸ்பிரிங்கால் மாமாவின் இடது கால் திருப்போரூர் வருவதற்குள் நடுங்கியது. இத்தனைக்கும் இந்த என்ஜின் கொடுப்பது சுமார் 60 நியூட்டன் மீட்டர் டார்க்; அதற்குக் கம்பெனி கிளட்சே தாராளம். பெரிய கிளட்ச் திறனைக் கூட்டாது, வருவதை வழுக்காமல் கடத்தும், அவ்வளவுதான்.

"ஏண்டா, வண்டிக்கு விக்கல் எடுக்குது?" என்றார் தாத்தா. திரும்பி வரும்போது களைத்துப்போயிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு உதறலுக்கும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மாமா அதைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முருங்கை மரத்தடி. பழைய பிளைவீலில் வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்து, முகத்தை மட்டும் லேசாகச் சமன் செய்து, கம்பெனி கிளட்ச் செட்டோடு மாட்டினோம். இந்தத் தடவை சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டீல் வீல் எண்ணெய்த் துணியில் சுற்றி மாமாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பந்தயத்துக்கென்றே ஒரு பழைய 800 பாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அத்தைக்குத் தெரியாமல்.