பச்சைப் பொடியும் பழவேற்காட்டு நண்டும்!

பழவேற்காட்டுக்குப் போவது சுலபம். சென்ட்ரல் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பஸ்ஸில் ஒரு பதினெட்டு கிலோமீட்டர். ஜன்னலோர ஸீட் கிடைத்தால் வயல், உப்பங்காற்று, கருவாட்டு வாசனை என்று வரிசையாக வரும். கருவாட்டு வாசனை வந்துவிட்டால் கண்டக்டரைக் கேட்கவே வேண்டாம், ஊர் வந்துவிட்டது!

நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அதில் ஒருவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். ஆறு மாதமாக மாரத்தான் ஓடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். (இதுவரை பஸ்ஸுக்குப் பின்னால் ஓடித்தான் பார்த்திருக்கிறோம்.) அவர் கையில் எப்போதும் ஒரு குலுக்கு பாட்டில். அதற்குள் கரும்பச்சையாக ஒரு திரவம். பாசி பிடித்த தொட்டியைச் சுரண்டிக் கலக்கினது மாதிரி இருக்கும்.

"ஸ்பைருலினா, கோதுமைப் புல், முருங்கை இலை, இன்னும் நாற்பத்தஞ்சு அயிட்டம் சார்! ஒரு ஸ்கூப்ல எல்லாம் இருக்கு!" என்றார்.

"ஒரு ஸ்கூப் எவ்ளோ?"

"பத்து கிராம்."

பத்து கிராமில் நாற்பத்தெட்டு அயிட்டம்! தலைக்குச் சராசரியாக கால் கிராம்கூட வராது. எங்கள் ஆபீஸ் போனஸ் தேவலை.

பழவேற்காட்டில் முதலில் டச்சுக் கல்லறை. நுழைவாயிலிலேயே இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1613-ல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வியாபாரம் செய்தவர்கள் டச்சுக்காரர்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டை இன்று வெறும் மேடும் புதரும்தான். கல்லறை மட்டும் கம்பீரமாக நிற்கிறது. மாரத்தான் நண்பர் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில், கொஞ்சம் நம் பக்கம். கிழக்கே கடலை மறைத்துக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும் நாளில் இந்தக் கரையில் நின்றாலே நெருப்பு வால் தெரியும்.

தூரத்தில், முழங்கால் தண்ணீரில், வெள்ளையும் ரோஜாவுமாக ஒரு கோடு. பூநாரைகள்!

"பார்த்தீங்களா சார்," என்று நண்பர் பாட்டிலை ஆட்டினார். "அதுங்க ரோஸா இருக்கக் காரணமே பாசிதான். என் பொடியும் பாசிதான்!"

அவர் சொன்னதில் பாதி நிஜம். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். பாசியிலும், பாசியைத் தின்னும் கூனிப் பூச்சிகளிலும் இருக்கும் கரோட்டின் வகைச் சாயம் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சோடா ஏரிகளில் சின்னப் பூநாரைகளுக்கு ஸ்பைருலினாதான் முக்கிய ஆகாரம். ஆனால் பறவைக்கு நிறம் ஏறுகிறது என்பதற்காக மனுஷனுக்கு வேகம் ஏறும் என்று யார் சொன்னது?

இந்தப் பாசிக்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. சென்னை தரமணியில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் என்று ஒன்று. அதை 1977-ல் தொடங்கி நடத்திய விஞ்ஞானி சி.வி.சேஷாத்ரி, ஸ்பைருலினாவை டப்பாவுக்காக வளர்க்கவில்லை. கிராமத்துப் பெண்கள் கொல்லைப்புறத்திலேயே வளர்த்து, சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு தினம் ஒரு கிராம் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கண்பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ இல்லாத குழந்தைகளிடம் அது பலன் தந்தது என்று புதுக்கோட்டைப் பக்கம் நடந்த சோதனையில் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரை ஜனங்கள் இதையே காயவைத்து அடையாக்கி, குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஏழையின் சாப்பாடு! அதையே விண்வெளி வீரர்களுக்கு வளர்க்கலாமா என்று நாஸா ஆராய்ந்ததும் விலை விண்வெளிக்குப் போய்விட்டது.

படகுத் துறைக்குப் போய், "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா அண்ணே?" என்று கேட்டோம். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்த மாட்டோம் சார். கிறிஸ்மஸ் அன்னிக்கு என்னா ஆச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். 2011 டிசம்பர் 25-ல் சுற்றுலா வந்தவர்கள் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதோடு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது.

"படகு இல்லன்னா என்ன? சோறு துன்னுட்டுப் போங்கோ. வூட்ல நண்டு இருக்குது" என்றார் அண்ணன். காசுக்குத்தான், ஆனால் காசை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்கிற ரகம்.

வீட்டில் அக்கா நண்டுக் குழம்பும், மடவை வறுவலும் போட்டார். மூலையில் ஒரு ஸ்டூல் மேல் மூன்று கப். மகள் ப்ளஸ் ஒன். 800 மீட்டர் ஓடுகிறாளாம். ஜோனல் மீட்டில் முதலிடம், ஜில்லாவில் கோட்டைவிட்டாளாம்.

"ஆறு நூறு வரைக்கும் நான்தான் சார் ஃபர்ஸ்ட்டு. கடைசி இருநூறு, காலு எனுதே இல்ல. மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது" என்றாள் பெண்.

அக்கா தயங்கித் தயங்கி மாரத்தான் நண்பரின் பாட்டிலைப் பார்த்தார். "இதான் சார்... இதே பச்சைத் தூள்தான் கோச்சு சார் வாங்கச் சொன்னாரு. டப்பா ரெண்டாயிரத்து நானூறு. முப்பது நாளைக்குத்தான் வருமாம். இவுருக்கு பாடு வர்ற வாரம்தான் துட்டு. கம்மலை வெச்சிரலாம்னு பாக்குறேன். நீங்க சொல்லுங்கோ, வாங்கலாமா?"

பாடு என்பதைச் சொல்ல வேண்டும். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரே கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு அது. முறை வந்தால் நல்ல இடம். வராத நாளில் கை காய்ச்சல். அப்படி ஒரு வீட்டில் இரண்டாயிரத்து நானூறு என்பது நம் டெபிட் கார்டு சமாச்சாரம் இல்லை.

மாரத்தான் நண்பர் வாயைத் திறக்கவில்லை. வாய் நிறைய நண்டு. நான் அவர் பையிலிருந்த டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தேன். ஒரு ஸ்கூப்பில் புரதம் இரண்டரை கிராம். இரும்புச் சத்து இரண்டு மில்லிகிராம். விலை, கணக்குப் போட்டால் எண்பது ரூபாய். முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும் எண்பது ரூபாய்க்கு பதினோரு முட்டை. ஒரு முட்டையில் மட்டுமே ஆறு கிராம் புரதம்! ஓடுகிற பெண்ணுக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும். ஐம்பது கிலோவுக்கு அறுபது கிராம். பொடியிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் தினம் இருபத்து நாலு ஸ்கூப்! டப்பா ஒன்றே கால் நாளில் காலி.

"ஆராய்ச்சியே இருக்கு சார்!" என்றார் நண்பர், நண்டை முழுங்கிவிட்டு. இருக்கிறது. 2010-ல் கிரேக்க நாட்டில் ஒன்பது ஆண்களுக்கு தினம் ஆறு கிராம் ஸ்பைருலினா, நாலு வாரம் கொடுத்தார்கள். களைத்துப்போகும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனது. ஒன்பதே பேர்! எங்கள் ஆபீஸ் கேரம் டீமில்கூட அதைவிட அதிகம். 2018-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, ஓட்டத் திறனைக் கூட்ட ஓரளவு நம்பகமான ஆதாரம் உள்ளவை என்று காபியில் இருக்கும் கஃபீன், க்ரியேட்டின், நைட்ரேட் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான் சொன்னது. பச்சைப் பொடி அந்தப் பட்டியலில் கிடையாது. நைட்ரேட் பீட்ரூட்டிலும் கீரையிலும் தாராளமாகவே இருக்கிறது. கீரை சாப்பிடவே சாப்பிடாத ஆசாமிக்கு இந்தப் பொடி கொஞ்சம் பிரயோஜனப்படலாம். அதற்கு மேல் நான் மார்க் போட மாட்டேன். இன்னொன்று: கலவைப் பொடியில் தடை செய்யப்பட்ட சரக்கு தெரியாமல் கலந்திருந்து, ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால், "எனக்குத் தெரியாது சார்" என்பது எடுபடாது. உடம்புக்குள் இருப்பதற்கு ஓடுகிறவர்தான் பொறுப்பு.

அதெல்லாம் சரி, கண் ஏன் இருட்டுகிறது?

"ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை தர்றாங்கல்ல, போடுறியாம்மா?" என்று கேட்டேன்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தார்.

"வவுத்தைப் பொரட்டுது சார். ஜன்னல்ல வீசிடுவோம். எல்லாரும்தான்!"

அந்த நீல மாத்திரை ஒன்றில் இரும்பு 60 மில்லிகிராம். பொடியில் முப்பது ஸ்கூப். அதாவது ரெண்டாயிரத்து நானூறு ரூபாய் டப்பா முழுக்க இருக்கும் இரும்பை, ஸ்கூல் ஜன்னல் வழியாக வாராவாரம் இலவசமாக வீசிக்கொண்டிருக்கிறார்கள்! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் இரும்பு இல்லாவிட்டால் கடைசி இருநூறு மீட்டருக்கு ஆக்ஸிஜனை யார் தூக்கிக்கொண்டு வருவது?

"கம்மலை வைக்காதீங்கக்கா. முதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஹீமோகுளோபின் பாருங்க. காசு கிடையாது. மாத்திரையை வெறும் வயித்துல போடாம, சாப்பிட்டப்புறம் போடட்டும். டீ மட்டும் கூடவே வேணாம், அது இரும்பை ஏற விடாது."

"டீ இல்லாமலா?" என்றார் அண்ணன் அதிர்ந்துபோய். ஸ்டூல் மேல் இருந்த கப் மூன்றும் யாருடையவை என்பது அப்போதுதான் விளங்கியது. மகள் காலையில் சாப்பிடுவதே இல்லை. இரண்டு டீ, ஒரு பன், நேராக மைதானம். மீனும் நண்டும் ஏரியிலிருந்து வருகிறது, ஆனால் நல்லதெல்லாம் வியாபாரிக்குப் போய், அவளுக்கு ராத்திரிதான் ஒரு துண்டு.

"காலையில நாலு மணிக்கு நான் கூடையைத் தூக்கினா வர்றதுக்குப் பதினொண்ணு ஆவும். யார் சார் ஆக்கிக் குடுக்கிறது?" என்றார் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரியே இரண்டு முட்டை அவித்து வைத்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் யோசித்தார். "ஒரு முட்டைன்னா முடியும்."

கிளம்பும்போது மாரத்தான் நண்பர் டப்பாவைப் பையில் திணித்தபடி, "பாதி இருக்கு, குடுத்துட்டுப் போயிடவா?" என்று என் காதில் கேட்டார். வேண்டாம் என்றேன். ரயிலில் வரும்போது அவர் அதைக் குலுக்கவில்லை. நாலு நண்டு சாப்பிட்ட வயிறு, இடமில்லை.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் போன் செய்தார். பின்னால் அலைச் சத்தம்.

"சார், பொண்ணுக்கு ரத்தம் பாத்தாங்கோ. ஒம்போது புள்ளி ரெண்டுன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க. பத்துக்கு ஒம்போதுன்னா நல்ல மார்க்குதானே?"

"பன்னண்டுக்கு மேல வரணும்ண்ணே."

கொஞ்ச நேரம் அலை மட்டும் கேட்டது.

"அதான் டாக்டரம்மா தினம் மாத்திரை குடுத்து, ஒரு மாசம் கழிச்சி வரச் சொல்லிச்சா..." என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வூட்ல அதுக்கும் சேர்த்துப் பாத்தாங்க சார். அதோட அம்மாவுக்கு எட்டு."