மறைத்துவிட்டேன் என்று நினைத்த படம்



படம் எடிட் பண்ண காசில்லாத மென்பொருள் எது நல்லம் ஸேர் என்று இன்பொக்ஸில் அடிக்கடி கேட்கிறீர்கள். சொல்லமுன் நான் விட்ட பிழையொன்றைச் சொல்ல வேண்டும்.

போன வருடம் என் மாணவி ஒருத்தியின் வாப்பாவுக்கு சத்திரசிகிச்சை. உதவி கோரல் தயாரித்தது நான்தான். வைத்திய அறிக்கையைப் போட்டோ எடுத்து, போனில் இருந்த கறுப்புப் பேனையால் உம்மாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மூன்று தரம் தேய்த்தேன். பிறகு எல்லாக் குரூப்புகளுக்கும் அனுப்பினேன்.

மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால், கட்டாரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் அதே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டித் திருப்பி அனுப்பியிருந்தான். இலக்கம் அப்படியே தெரிகிறது. நான் பாவித்தது ஹைலைட்டர். எத்தனை தரம் தேய்த்தாலும் அடியில் உள்ளது முழுதாக மறையாது. நம் நாட்டு அடையாள அட்டை இலக்கத்திலிருந்தே பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் தெரியும். எல்லா இடமும் அழிக்கச் சொன்னேன். யார் அழிப்பது?

“பரவால்ல ஸேர், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்றார் அந்த உம்மா. அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது நான் மறைக்கப் பாவிப்பது விண்டோஸோடு வரும் சாதாரண பெயின்ட். உள்ளே நிறம் நிரப்பிய கறுப்புச் சதுரத்தை மேலே போட்டு ஜேபெக்காகச் சேமித்தால் அடியில் ஒன்றும் மிஞ்சாது.

கிம்ப் பெரிய வேலைகளுக்கு. 1996இலிருந்து இலவசம், யுனிகோட் தமிழும் உடையாமல் வரும். பழகத்தான் பொறுமை வேண்டும். ஆனால் அதன் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பை அனுப்பாதீர்கள். கறுப்புச் சதுரம் தனி அடுக்காக இருந்தால், அதைத் தூக்கிவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்கலாம். ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ணியே அனுப்புங்கள்.

பாடசாலைக் கொம்பியூட்டரில் எதையும் இன்ஸ்டோல் பண்ண முடியாதவர்களுக்கு போட்டோபீ. பிரவுசரிலேயே ஓடும். அச்சகத்திலிருந்து வரும் பிஎஸ்டி கோப்பும் திறக்கும். படம் உங்கள் கொம்பியூட்டரை விட்டு வெளியே போவதில்லை. பக்கத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான்.

கென்வா போஸ்டருக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதில் போடும் படம் அவர்களுடைய சேர்வருக்குப் போகிறது. பரிசளிப்பு விழா அழைப்பிதழுக்குச் சரி, வைத்திய அறிக்கைக்கு வேண்டாம். பழைய கல்யாணப் போட்டோவைத் தெளிவாக்க போனில் ஸ்னெப்சீட் போதும்.

இன்னொன்று: இலக்கங்களை மங்கலாக்கி மட்டும் விடாதீர்கள். பத்து இலக்கங்கள்தானே, கணித்துவிடலாம். எதில் செய்தாலும் அனுப்பமுன் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி ஒருதரம் பாருங்கள்.

போன மாதம் அந்தப் பழைய படம் “அவசரம்” என்று வேறொரு குரூப்பில் மீண்டும் வந்தது. அவர் சுகமாகி வேலைக்குப் போகிறார், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் போனில் கிடந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.